நாற்பது வருஷ விஸ்கியும் நாலு மணி நேரக் கள்ளும்

முதல்லயே சொல்லிடறேன், இது குடியை வாழ்த்திப் பாடுற பதிவு இல்லை. (வீட்டம்மா தலைப்பைப் பார்த்துட்டு ஏற்கனவே முறைச்சாச்சு.)

இங்கே கிளாஸ்கோவில் என்கூட வேலை பார்த்த ஒருத்தர் போன மாசம் ஓய்வு பெற்றார். வீட்டுக்குக் கூப்பிட்டு, பத்திரமா வச்சிருந்த பாட்டிலைத் திறந்தார். நாற்பது வருஷ பிளெண்டட் கிரெய்ன் ஸ்காட்ச். ஆளுக்கு ரெண்டு ஸ்பூன்தான். மூக்குக்கிட்ட கொண்டு போனதும் தூக்கிவாரிப் போட்டுது. தேங்காய் வாசனை!

நான் பிறந்தது பாலக்காடு பக்கத்துல சித்தூர். கேரளாதான், ஆனா வீட்டுல தமிழ். கேரளாக் கள்ளுக்கடைகளுக்குப் போற கள்ளுல பெரும்பங்கு எங்க தாலுகாத் தென்னந்தோப்புலேர்ந்துதான் போகுது. எங்க பெரியப்பா முப்பது வருஷம் பாளை சீவினவர். அதனால தேங்காய் வாசனைன்னா எனக்கு ஊர் ஞாபகம்தான்.

விசாரிச்சா, அந்த வாசனைக்கும் தென்னைக்கும் சம்பந்தமே இல்லையாம். அமெரிக்க ஓக் மரப் பீப்பாயில இருக்கிற லாக்டோன்கிற பொருள் செய்யற வேலை. நாற்பது வருஷம் மரத்துக்குள்ள கிடந்து வாங்கின வாசனை!

கிரெய்ன் விஸ்கி ஒண்ணும் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. கோதுமையிலயோ மக்காச்சோளத்துலயோ, நிக்காம ஓடற உயரமான வடிகலன்ல நிறைய வடிச்சு, மத்த விஸ்கியோட கலக்கறதுக்குன்னே பண்ற சரக்கு. 1905ல் லண்டன் இஸ்லிங்டன்ல இதை விஸ்கின்னு வித்த கடைக்காரங்க மேல கேஸே போட்டாங்க. அப்புறம் ராயல் கமிஷன் வச்சு, 1909லதான் 'இதுவும் விஸ்கிதான்'னு தீர்ப்பு சொன்னாங்க. ரெண்டு மூணு ஆலையோட கிரெய்னைச் சேர்த்தா பிளெண்டட் கிரெய்ன். 2009 சட்டத்துல அதுக்குன்னு தனி வகையே இருக்கு.

அந்தச் சட்டத்துல எனக்குப் பிடிச்சது ஒண்ணு. பாட்டில்ல 40னு போட்டா, உள்ளே இருக்கிறதுல மிக இளையதுக்கே 40 வயசு ஆகியிருக்கணும். ஒரு சொட்டு 39 கலந்தாலும் 40னு போட முடியாது. வருஷத்துக்கு சுமார் ரெண்டு சதவீதம் ஆவியாப் போகும். நாற்பது வருஷத்துல பாதிக்கு மேல காத்தோட போச்சு. அந்த நஷ்டத்தையும் தாங்கிக்கிட்டுக் கணக்கைக் காப்பாத்தறாங்க.

நம்ம கள்ளு நேர் எதிர். இறக்கும்போதே புளிக்க ஆரம்பிச்சிடும். நாலஞ்சு மணி நேரம் நல்லா இருக்கும், மறுநாள் காடிதான். வயசு ஏறினா கெட்டுப் போற பொருள். அதனால அதுக்கு மதிப்பில்லைன்னு ஆயிடுமா?

என் கருத்து இதுதான். ஸ்காட்ச்சுக்குக் கிடைக்கிற மரியாதை ருசிக்கு மட்டுமில்லை, கணக்குக்கு. நம்ம ஊர்ல மரத்துக்கு நம்பர் போட்டு வரி வாங்குவாங்க. ஆனா கடையில குடிக்கிறவனுக்கு அது எந்தத் தோப்பு, யார் சீவினது, எத்தனை மணிக்கு இறக்கினதுன்னு எதுவும் தெரியாது. அந்த இருட்டுலதான் கலப்படம் நுழையுது. கெட்ட பேரு மட்டும் மரம் ஏறினவனுக்கு. தமிழ்நாட்டுல 1987ல் கள்ளையே தடை பண்ணிட்டாங்க, பாட்டில் சரக்கு மட்டும் தடையில்லாம ஓடுச்சு.

அரசாங்கத்தைச் சொல்லி என்ன, என்னைச் சொல்லணும். ஊருக்குப் போறப்போ ஏர்போர்ட்ல 18 வருஷ பாட்டில் வாங்கிப் பந்தாவா நீட்டியிருக்கேன். "பெரியப்பா என்ன பண்றார்?"னு கல்யாணத்தப்போ கேட்டவங்ககிட்ட மட்டும் "விவசாயம்"னு சொன்னேன். அன்னிக்கு விருந்துலயும் "தேங்காய் வாசனையை எப்படிக் கண்டுபிடிச்சே?"ன்னு கேட்டாங்க. "எங்க ஊர்ல தென்னை ஜாஸ்தி"ன்னு மழுப்பிட்டேன். பீப்பாய் பண்றவன் பேரை அவங்க பெருமையாச் சொல்ற அதே மேஜையில!

ராத்திரி மனசு கேக்கலை. விடிஞ்சதும் பெரியப்பாவுக்குப் போன் போட்டு இந்த விஸ்கி கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் கேட்டார்:

"நாப்பது வருஷமா கண்ணு? அத்தனை நாளும் யாரு காவல் இருந்தாங்க?"

கணக்குதான் காவல் பெரியப்பா. அந்தக் காவலைத்தான் உங்க கள்ளுக்கு நாங்க யாருமே போடலை.

அடுத்த தடவை யார் கேட்டாலும் "பாளை சீவினவர்"னு சொல்லப் போறேன். என் பசங்க பக்கத்துல இருக்கும்போதே.