அண்டை நிரலோடு பேச ஒரு பொதுமொழி

ஒரே கணினிக்குள் இயங்கும் நிரல்கள் தமக்குள் பேச எந்த நெறிமுறையைத் தேர்வது? வேகமானதையே என்பார்கள். நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை.

லினக்ஸின் இரு பணிமேடைச் சூழல்களைப் பாருங்கள். கனோம், வலைப்பின்னல் கடந்தும் பேசவல்ல கோர்பாவைச் சுமந்தது. கேடிஇ அதைக் கனமென விலக்கி, 2000இல் எளிய டிகாப்புடன் வந்தது. விளைவு, ஒரே திரையில் இருந்தும் இரு தரப்பு நிரல்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. டிகாப்பின் வழியைப் பின்பற்றி 2002இல் தொடங்கிய டி-பஸ்தான் இருவருக்கும் பொதுமொழியாயிற்று. 2008இல் கேடிஇ 4, தன் சொந்த டிகாப்பையே கைவிட்டு அதற்கு மாறியது.

டி-பஸ் மிக வேகமானதன்று. பெரும்பாலும் ஓர் இடைத்தரகு நிரல் வழியாகவே செய்தி செல்கிறது. பெருந்தரவுக்குப் பகிர் நினைவகமே தகும். ஆயினும் வேகக் குறையை அந்தந்த இடத்தில் சரிசெய்துகொள்ளலாம். பிரிந்த பேச்சைச் சேர்க்க ஆண்டுகள் ஆகும். அண்டை நிரலுக்கும் புரிவதையே முதலில் தேர்க.