பின்னத்துக்கு ஒரு கூட்டாளி

ஐந்தாம் வகுப்பு வரை கணக்கில் கெட்டியாக இருந்த பிள்ளைகள், ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னம் வந்ததும் சுணங்கிப் போவதைக் கம்பம், சின்னமனூர் பக்கம் பல வீடுகளில் பார்க்கிறேன். 1/2, 1/3 இரண்டையும் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதுகிறார்கள். 2/5 அரையைவிடக் குறைவாயிற்றே, அரையோடு இன்னொன்றைச் சேர்த்தபின் எப்படிக் குறையும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் வீட்டில் இல்லை. ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பேறி, குமுளி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போகும் அம்மா திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது.

உத்தமபாளையத்தில் ஒரு வாசல்படி. 1/3-ஐவிட 1/4-தான் பெரிது என்று அடம்பிடித்த சின்னவளிடம், ஏழாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: “ஏய், ஒரு கடலைமிட்டாய மூணு பேரு பிச்சுக்கிட்டா நெறைய வருமா, நாலு பேரு பிச்சுக்கிட்டா வருமா?”

“மூணு பேருன்னாத்தான்க்கா.”

“அப்ப எது பெருசு?”

சின்னவள் ரப்பரை எடுத்தாள். பெரியவளும் அண்மையில்தான் அந்த இடத்தைத் தாண்டி வந்தவள். எங்கே கால் வழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிக் கொடுக்கக் கொடுக்க அவள் கணக்கும் உறுதிப்படும்.

பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக் கொடுப்பது நம் மண்ணின் முறை. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை முன்சொல்ல, மற்றவர்கள் 1/320 ஆகிய முந்திரி வரை கீழ்வாய் இலக்கத்தை, அதாவது பின்னங்களை, ஒப்பித்தார்கள். 1789-இல் சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பேற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். அதை 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. கொரோனாவுக்குப் பின், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டமும் தன்னார்வலர்களை மாலை நேரத்தில் தெருவுக்கே அனுப்பியது.

ஆசிரியர்களே, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அதே தெருவில் ஓர் ஏழாம் வகுப்புக் கூட்டாளியைச் சேர்த்துவிடுங்கள். நாளுக்கு அரை மணி நேரம் போதும். ஒரே நிபந்தனை: பென்சில் சின்னவர் கையில்தான் இருக்க வேண்டும். பெரியவர் கேள்வி கேட்கலாம்; விடையை எழுதித் தரக்கூடாது.