நன்னிலத்து நெல்லுக்கு எந்த மந்திரி?

குறுவை அறுவடை முடிந்ததும் நன்னிலம் வட்டாரத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவியத் தொடங்கும். பட்டியல் எழுத்தர் ஒரு பிடி நெல்லை எடுத்து ஈரப்பதம் பார்க்கும் கருவியில் போடுவார். எண் 17-க்குள் நின்றால் சாக்குப் பிடிக்கலாம். 19 என்று காட்டினால் அதே நெல்லைத் திரும்ப அள்ளித் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல் நிற்கும் அக்டோபரில் எந்த வெயிலில் காயவைப்பது?

அந்தப் 17 சதவீதத்தை முடிவு செய்வது திருவாரூர் மாவட்ட நிர்வாகம் அல்ல, சென்னைக் கோட்டையும் அல்ல. நன்னிலத்திலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்ற ஆர். காமராஜ் மாநிலத்தின் உணவு அமைச்சராகவே பல ஆண்டுகள் இருந்தார். அவர் காலத்திலும் ஈரப்பதத் தளர்வு வேண்டுமென்றால் டெல்லிக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருந்தது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போகும். ஒன்றிய உணவு அமைச்சகம் மனம் வைத்தால் தளர்வு வரும். 2022 அக்டோபரில் 19 சதவீதம், 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் என்று வந்தது. அது வருவதற்குள் குவியலின் அடியில் நெல் முளைவிட்டிருக்கும்.

ஆகவே, டெல்லியில் மந்திரிசபை அமையும்போது எந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது நன்னிலத்துக்காரருக்கு வேடிக்கைச் செய்தி அல்ல, அவர் பிழைப்பு.

2024 ஜூன் 9 அன்று பிரதமர் மோடியோடு சேர்த்து 72 பேர் பதவியேற்றார்கள். மக்களவையின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது என்கிறது 2003-ல் வந்த 91-வது அரசியல் சட்டத் திருத்தம். அந்தக் கணக்கில் 81 வரை போகலாம். தமிழ்நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய 39 பேரும் எதிரணி என்பதால் அவர்களில் ஒருவரும் அந்தப் பட்டியலில் இல்லை. நிர்மலா சீதாராமன், ஜெய்சங்கர், எல். முருகன் ஆகிய மூவரும் தமிழர்கள். ஆனால் முறையே கர்நாடகம், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றிலிருந்து மாநிலங்களவைக்குச் சென்றவர்கள்.

நன்னிலத்துக்குத் தண்ணீர் தரும் காவிரியின் மேல்மடையைப் பாருங்கள். கிருஷ்ணராஜசாகர் அணை இருக்கும் மாண்டியாவின் எம்.பி. எச்.டி. குமாரசாமி காபினெட் அமைச்சர். தும்கூரு எம்.பி. வி. சோமண்ணாவுக்கு நீர்வளத்தைக் கவனிக்கும் ஜல் சக்தி அமைச்சகத்தில் இணை அமைச்சர் பதவி. தார்வாட் எம்.பி. பிரகலாத் ஜோஷியிடம் உணவுத் துறை. இவர்கள் பாரபட்சம் காட்டினார்கள் என்று சொல்ல இங்கே ஆதாரம் எதுவும் வைக்கவில்லை, அது வாதமும் அல்ல. ஆனால் நதியின் மேல்மடைக்காரரின் கஷ்டம் அந்த அறையில் நேரில் பேசப்படும். கடைமடைக்காரரின் கஷ்டம் கோப்பாக மட்டுமே போய்ச் சேரும்.

தமிழ்நாட்டிலிருந்து பத்து மந்திரிகள் இருந்தால் இது தீர்ந்துவிடுமா? இருந்தார்கள், தீரவில்லை. காவிரி டெல்டாக்காரர்கள் மறக்கக் கூடாத கணக்கு இது. 2004-ல் அமைந்த மன்மோகன் சிங் அமைச்சரவையில் தமிழ்நாட்டிலிருந்து பத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். மன்னார்குடி அருகே தளிக்கோட்டைக்காரரான டி.ஆர். பாலு, மயிலாடுதுறை எம்.பி. மணிசங்கர் அய்யர், தஞ்சாவூர் எம்.பி. எஸ்.எஸ். பழனிமாணிக்கம் என்று டெல்டாவுக்கே மூவர். காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5 அன்று வந்தது. அது அரசிதழில் ஏறியது 2013 பிப்ரவரியில். அதுவும் உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகு. மேல்முறையீடுகள் நிலுவையில் இருந்தன என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஆறு ஆண்டுகளில் நிதியும் உள்துறையும் ப. சிதம்பரத்திடம் மாறி மாறி இருந்தன. 2009 முதல் உரத்துறை மு.க. அழகிரியிடம் இருந்தது. நீர்வளத் துறை மட்டும் தமிழ்நாட்டார் யார் கையிலும் இல்லை.

ஏன் இல்லை? கேட்கவில்லை, அதனால் இல்லை. 2004 மே மாதம், பேசியபடி இலாகா வரவில்லை என்று தி.மு.க. அமைச்சர்கள் பொறுப்பேற்காமல் இருந்தார்கள். அந்தப் பிடிவாதம் கப்பல் போக்குவரத்துக்காகவும் நிதித்துறையில் வருவாய்ப் பிரிவுக்காகவும். 2009-ல் எத்தனை இடம் என்பதில் இழுபறி, முதல் பதவியேற்பில் தி.மு.க.வே இல்லை. இந்தப் பழக்கம் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதல்ல. 1996 முதல் 2014 வரை தமிழ்நாட்டின் தயவில்லாமல் டெல்லியில் எந்த ஆட்சியும் எளிதாக நிற்கவில்லை. தொழில், பெட்ரோலியம், சட்டம், தொலைத்தொடர்பு, சுகாதாரம், ஜவுளி எல்லாம் தமிழ்நாட்டுக் கட்சிகளிடம் வந்தன. வேளாண்மையும் நீர்வளமும் காபினெட் பொறுப்பாக ஒருமுறைகூட வரவில்லை. பசையுள்ள இலாகா என்று பேர்வாங்கியவற்றின் பின்னாலேயே எல்லோரும் ஓடினார்கள்.

இலாகா சரியாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 1964-ல் லால் பகதூர் சாஸ்திரி, உருக்குத் துறையிலிருந்த சி. சுப்பிரமணியத்தை உணவு, வேளாண்மைக்குக் கொண்டுவந்தார். பஞ்சம் வாசலில் நின்ற நேரம் அது. அவர் பொள்ளாச்சிக்காரர், டெல்டாவுக்கு உறவில்லை. ஆனால் மறு ஆண்டே இந்திய உணவுக் கழகம் பிறந்தபோது அதன் தலைமையகம் சென்னையில், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்! விளைபொருள் விலைக் குழுவும் அதே 1965-ல் வந்தது. இன்று நெல்லுக்கு ஆதார விலை பரிந்துரைக்கப்படுவது அந்தக் குழுவின் வழித்தோன்றலால்தான். மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு மந்திரியால் இவ்வளவு முடிந்தது.

இன்று சிக்கல் கூடியிருக்கிறது. ஒரே நெற்பயிர் பல அமைச்சகங்களுக்குக் கூறுபோடப்பட்டிருக்கிறது. மேட்டூரிலிருந்து முடிகொண்டான் ஆற்றுக்கு வரும் தண்ணீருக்குக் காவிரி மேலாண்மை ஆணையம், அது ஜல் சக்தியின் கீழ். யூரியா ரசாயன, உர அமைச்சகத்தின் கீழ். பயிர்க் காப்பீடு வேளாண்மையிடம், கொள்முதல் உணவுத் துறையிடம், பூமிக்கடியில் எண்ணெய் தேடும் உரிமம் பெட்ரோலியத்திடம். குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் என்று 2025-26-க்குச் சாதாரண ரக நெல் விலையை முடிவு செய்தது பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு. நன்னிலத்து விவசாயி எந்தக் கதவைத் தட்டுவது?

நீர்வளத்தை ஒரு தமிழரிடம் கொடுத்தால் கர்நாடகம் ஒப்புமா என்ற கேள்வி நியாயமானது. ஒப்பாது. காபினெட் பொறுப்பு இரு மாநிலத்தையும் சேராதவரிடமே இருக்கட்டும். 2024-ல் அது குஜராத்தின் சி.ஆர். பாட்டீலிடம் தரப்பட்டது சரியே. ஆனால் இணை அமைச்சர்களில் மேல்மடைக்கு ஒருவர் இருந்தால் கடைமடைக்கும் ஒருவர் வேண்டும். சோமண்ணா ரயில்வேயையும் ஜல் சக்தியையும் சேர்த்தே ஏற்றார். 2024-ல் தகவல் ஒலிபரப்பும் நாடாளுமன்ற விவகாரமும் பெற்ற முருகனுக்கு இன்னொரு துறையைச் சேர்த்துத் தரச் சட்டத் திருத்தம் தேவையில்லை. பிரதமர் பரிந்துரைத்தால் போதும், குடியரசுத் தலைவர் ஆணை வந்துவிடும்.

எதிரணியிலிருக்கும் தமிழ்நாட்டுக் கட்சிகளுக்கும் வேலை இருக்கிறது. அடுத்த முறை ஆட்சியமைக்கும் பேச்சுக்கு உட்காரும்போது நீட்டும் பட்டியலில் ஜல் சக்தியும் உணவும் வேளாண்மையும் முதலில் வர வேண்டும். நன்னிலம் அடங்கிய நாகப்பட்டினம் தொகுதியிலும், தஞ்சாவூரிலும், மயிலாடுதுறையிலும் 2029-ல் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் அதை எழுத்தில் வாங்குவது டெல்டா விவசாயச் சங்கங்களின் பொறுப்பு.