வெசாக் கூடும் கார்த்திகை அகலும்

வைகாசிப் பௌர்ணமியன்று இலங்கையில் வீதிதோறும் வெசாக் கூடுகள் தொங்கும். மூங்கிற் சிம்புகளால் சட்டம் கட்டி, மெல்லிய வர்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கேற்றுவர். புத்தர் பெருமானின் ஜனனம், ஞானோதயம், பரிநிர்வாணம் ஆகிய மூன்றையும் நினைவூட்டும் அழகிய கலை அது. நாமோ கார்த்திகைப் பௌர்ணமியன்று வாயில்தோறும் அகல் ஏற்றுகிறோம்.

இவ்விரு ஒளியையும் அறிந்த ஜனங்கள் நீலகிரியில் வாழ்கின்றனர். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் கொழுந்து பறிப்போரில் பலர் இலங்கை மலைநாட்டிலிருந்து வந்தோரும் அவர்தம் சந்ததியாருமே. 1948-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் அம்மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-ல் ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்த ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை இரு சர்க்கார்களும் 1974-ல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நெல்லை அளப்பதுபோல் மனிதரை அளந்தார்கள். தாய் அக்கரையிலும் மகன் இக்கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனை!

வந்தவர்களின் பிழைப்புக்காக 1968-ல் நம் சர்க்கார் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது நற்செயலே. ஆயினும், கூலி கொடுத்ததோடு கடமை தீர்ந்ததாகுமா? அவர்கள் விட்டுவந்த ஊருக்கும் உறவுக்கும் நம்மிடையே ஒரு நினைவுச் சின்னம் வேண்டாமா?

நாம் ஒன்று சொல்வோம். நீலகிரிப் பள்ளிச் சிறுவர்கள் வெசாக் கூடு கட்டக் கற்கட்டும். ஹட்டன், பதுளை, நுவரெலியா என்று தத்தம் பாட்டனார் பிறந்த ஊரின் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கார்த்திகையன்று அகலோடு ஏற்றட்டும். அக்கரையில் வாழும் உறவினரின் பிள்ளைகளும் தம் முன்னோரின் தமிழ்நாட்டுக் கிராமத்தின் பெயரை எழுதி ஏற்றட்டும்.

‘நம்மவரை நாடற்றவராக்கிய தேசத்தின் விளக்கு நமக்கெதற்கு?’ என்று சிலர் வினவலாம். இழைத்த அநீதியை மறக்குமாறு நாம் கூறவில்லை. ஆனால் அவ்வநீதியைச் செய்தது சட்டம்; காகிதக் கூடு அன்று. மந்திரிகள் கைகுலுக்குவதால் மட்டும் அயல்நாட்டு நட்பு வளராது. பிரிக்கப்பட்டவர்களை இரு தேசமும் நினைவில் வைத்தாலன்றி அந்நட்புக்கு ஆதாரம் ஏது?

வீடு, நிலம், வேலை பற்றிய அவர்களது குறைகளுக்கு விளக்கு பரிகாரமாகாது. அவற்றைத் தனியே தீர்த்தாக வேண்டும். ஆயினும், நினைக்கப்படாத ஜனங்களின் குறையை எந்தச் சர்க்காரும் விரைந்து தீர்த்ததில்லை. நீலகிரிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் வரும் கார்த்திகைக்கே இப்பணியைத் தொடங்குவார்களாக.