டே டிரேடிங்: ஒரு மாத லாபத்தை நம்பி வேலையை விடலாமா?

பங்குகளைக் காலையில் வாங்கி, அன்றே விற்றுவிடுவதுதான் டே டிரேடிங். கைத்தொலைபேசியில் ஒரு செயலி இருந்தால் போதும், எம்ஆர்டியில் போகும்போதே செய்யலாம். முதல் மாதம் லாபம் வந்துவிட்டால், "இதையே முழுநேரமா செஞ்சா என்ன?" என்று தோன்றும்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

பாதிக்கு மேல் ஜெயித்தால் போதாதா?

உங்களிடம் 5,000 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஜெயித்தால் 50 வெள்ளி வரும், தோற்றால் 50 வெள்ளி போகும். 100 முறையில் 53 முறை ஜெயிக்கிறீர்கள்.

- வரவு: 2,650 வெள்ளி
- இழப்பு: 2,350 வெள்ளி
- மிச்சம்: 300 வெள்ளி

நல்லாத்தானே இருக்கு? ஆனால் வாங்க 2 வெள்ளி, விற்க 2 வெள்ளி கட்டணம் என்றால், 100 முறைக்கு 400 வெள்ளி. லாபம் போய், 100 வெள்ளி நட்டம்!

வாரத்துக்கு 20 முறை, ஆண்டுக்கு 50 வாரம் இப்படிச் செய்தால் 1,000 வெள்ளி காலி. அது உங்கள் முதலில் ஐந்தில் ஒரு பங்கு.

கட்டணமே இல்லை என்று சொல்லும் செயலியிலும் செலவு உண்டு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

எத்தனை முறை ஜெயித்தீர்கள் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. செலவு போக ஒரு வர்த்தகத்துக்குச் சராசரியாக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

திறமையா, அதிர்ஷ்டமா?

ஒரு நாணயத்தை 50 முறை சுண்டினால், 30 முறையோ அதற்கு மேலோ தலை விழுவதற்குச் சுமார் 10 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதாவது, 100 பேர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி விற்றாலும், ஏறக்குறைய 10 பேர் 50க்கு 30 முறை ஜெயித்துவிடலாம். டிக்டாக்கில் காணொளி போடுவது பெரும்பாலும் அந்த 10 பேர்தான். தோற்றவர்கள் பேசுவதில்லை.

உங்கள் முதல் 50 வர்த்தகங்களும் அப்படித்தான். அவற்றை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

நிஜத்தில் என்ன நடந்தது?

- பிரேசில்: 2013 முதல் 2015 வரை பங்குக் குறியீட்டு ஒப்பந்தங்களில் டே டிரேடிங் தொடங்கியவர்களை ஆய்வாளர்கள் கவனித்தனர். 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 விழுக்காட்டினருக்கு நட்டம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல் சம்பாதித்தவர்கள் 1.1 விழுக்காடு மட்டுமே.

- இந்தியா: பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, 2022-23 நிதியாண்டின் தரவுகளை ஆராய்ந்தது. ஒரே நாளில் வாங்கி விற்ற 10 பேரில் 7 பேருக்கு நட்டம். 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் அது 76 விழுக்காடு. ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் செய்தவர்களில் 80 விழுக்காடு.

அப்போ உங்கள் உத்தியை எப்படிச் சோதிப்பது?

- ஒவ்வொரு வர்த்தகத்தையும் செலவோடு எழுதிவையுங்கள். ஜெயித்ததை மட்டும் அல்ல, தோற்றதையும்.
- பழைய விலைகளை வைத்து உத்தியை உருவாக்கினால், அதே விலைகளில் சோதிக்காதீர்கள். விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதுபோல் ஆகிவிடும்.
- சந்தை ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் உத்தி தாங்குகிறதா பாருங்கள்.
- பாதிப் பணம் போனால், பழைய நிலைக்கு வர 100 விழுக்காடு லாபம் வேண்டும். எவ்வளவு இழந்தால் நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.

கடைசியாக, வேலையை விடுவது பற்றி. மாதச் செலவு 2,000 வெள்ளி என்றால், 5,000 வெள்ளி முதலில் மாதாமாதம் 40 விழுக்காடு லாபம் வரவேண்டும். உங்கள் மத்திய சேம நிதிக் கணக்கில் முதலாளி போடும் 17 விழுக்காடும் நின்றுவிடும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.