பழைய காருக்குப் புது பிரேக் போடலாமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் கட்டாயம் ஒரு சண்டை வரும். டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடலாமா, கூடாதா என்பதுதான் அது. கூடாது என்கிற கட்சியில்தான் கூட்டம் அதிகம். "கம்பெனிக்காரன் எப்படி அனுப்பினானோ அப்படியே இருக்கணும் சார், இல்லேன்னா அது அந்தக் காரே இல்லை" என்பார்கள். பெயின்ட், சீட்டுத் துணி, ஸ்டியரிங், ஹாரன் இதிலெல்லாம் நானும் அவர்கள் கட்சிதான். பிரேக் விஷயத்தில் மட்டும் இல்லை.

அந்தக் கம்பெனிக்காரன் என்ன செய்தான் என்று பார்க்க வேண்டாமா? டிரயம்ப் டி.ஆர்.2 1953-ல் வந்தபோது நாலு சக்கரத்திலும் டிரம். அதுவே டி.ஆர்.3 ஆனபின், 1956 கடைசியில், முன் சக்கரங்களுக்கு கர்லிங் டிஸ்க் வந்துவிட்டது. எம்.ஜி.ஏ. 1955-ல் டிரம்மோடு பிறந்தது. 1959-ல் 1600 மாடல் வந்தபோது முன்னால் டிஸ்க். இதற்கெல்லாம் முன்னோடி ஜாகுவார் சி-டைப். 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு ஓடி ஜெயித்தது. எதிராளிகளைவிடத் தாமதமாக பிரேக் பிடித்து வளைவில் நுழைய முடிந்தது. சோழவரத்தில் விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். நேர்ப்பாதை முடிகிற இடத்தில்தான் யார் கெட்டிக்காரன் என்று தெரியும்.

நம்மூர்க் கதையும் இதில் உண்டு. பெருங்களத்தூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதே டிரயம்ப் குடும்பம். ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்தில் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை விட்டார்கள். அதற்கு முதல் நாளிலிருந்தே முன்னால் டிஸ்க். பாடியில் கர்லிங் கூட்டோடு பிரேக்ஸ் இந்தியா ஆரம்பமானதும் அதே 1962-தான். ஆனால் நம் ஹெரால்டு டிரம்மோடுதான் காலத்தை ஓட்டியது. ஸ்பிட்ஃபயரின் முன்சக்கர பாகங்களை அப்படியே எடுத்து ஹெரால்டுக்குப் போட்டால், அது அக்காவுக்குத் தங்கை நகையைப் போடுவது மாதிரி. அதைக் கலப்படம் என்று நான் சொல்ல மாட்டேன்.

டிரம் பிரேக்கின் குணம் நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாதி வழியில் ஒரு தீய்ந்த வாசனை வரும். பர்லியாற்றில் வண்டியை ஓரம் கட்டி, டீ குடித்துவிட்டு, சூடு தணிந்த பிறகுதான் கிளம்புவோம். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் திறந்தவெளியில் காற்று வாங்கிக்கொண்டே சுற்றுவதால் சீக்கிரம் ஆறிவிடும். மழைக்காலம் இன்னொன்று. சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறினால், பிரேக்கை லேசாக அழுத்தியபடி நூறடி ஓட்டி ஷூவைக் காயவைத்தால்தான் வண்டி நிற்கும். இதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதைவிடுகிறோம் என்று நினைக்கிறார்கள்.

"நான் மெதுவாகத்தானே ஓட்டுகிறேன்" என்பது அடுத்த வாதம். மெதுவாகவே ஓட்டுங்கள். ஆனால் உங்களுக்கு முன்னால் போகிறவன் யார்? 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கும் 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பையன் சட்டென்று பிரேக் பிடித்தால் அவன் வண்டி நின்றுவிடும், நம்முடையது நிற்காது. ரோட்டில் மற்ற எல்லாருடைய பிரேக்கும் மாறிவிட்டது. அந்தக் காரை ஆசைப்பட்டு வாங்கியது நாம். ஆபத்து நமக்கு மட்டும் என்றால் போகட்டும். குழந்தையை முன்னால் நிற்கவைத்து ஸ்கூட்டரில் போகிறவர் நம் ஆசைக்குக் கையெழுத்துப் போடவில்லையே.

டிஸ்க்கைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. பழைய கார்களில் பெரும்பாலும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே பாதை. ஒரு சக்கரத்தில் ரப்பர் ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. கை பிரேக்கும் கடவுளும்தான். முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று பிரித்த இரட்டைப் பாதையை அமெரிக்கா 1968-லேயே கட்டாயமாக்கிவிட்டது. மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மாற்றி, குழாயைப் பிரித்துப் போட்டால், பானெட்டைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியப் போவதில்லை. என்னைக் கேட்டால் முதல் செலவு இதற்குத்தான்.

அதற்கும் முன்னால், இருக்கிற பிரேக் ஒழுங்காக இருக்கிறதா? பதினோரு மாதம் ஷெட்டில் தூங்கிவிட்டு ராலிக்கு மட்டும் வெளியே வருகிற வண்டிகள்தான் அதிகம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிப் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற ஆகும் செலவு ஒரு பாலிஷ் டப்பா விலை. ரப்பர் ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஊறிப்போய் அடைத்திருக்கும். (பழைய ஷூவைக் கழற்றினால் தூசியை வாயால் ஊதாதீர்கள், மெக்கானிக்கையும் ஊத விடாதீர்கள். அந்தக் காலத்து லைனிங் ஆஸ்பெஸ்டாஸ். ஈரத்துணியால் துடையுங்கள்.)

அளவு மீறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒல்லியான பழைய டயருக்கு நாலு பிஸ்டன் காலிப்பர் போட்டு என்ன பயன்? வண்டியை நிறுத்துவது கடைசியில் டயர்தான். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். முன்னால் டிஸ்க் போட்டுவிட்டுப் பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்தால் பெடல் கல்லாக இருக்கலாம், அல்லது தரை வரை போகலாம். டிரம்முக்காகக் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வை எடுக்காமல் விட்டால் டிஸ்க் உரசிக்கொண்டே ஓடும். பூஸ்டர் வைத்தால் கால் வலி குறையும், நம் முழங்காலுக்கு அது நல்லதுதான், ஆனால் டயரின் பிடிப்பு கூடாது. அந்தக் காரின் அடுத்த மாடலுக்குக் கம்பெனி போட்ட அளவோடு நிறுத்திக்கொள்வது என் கட்சி.

இரட்டை கார்புரேட்டருக்கு யோசிக்காமல் பணம் எடுக்கிறவர்கள் பிரேக் என்றதும் ஒரிஜினல் பேசுவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியில், 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று பதிய, சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் மாற்றம் கூடாது என்கிறார்கள். அந்த வரிசையில் பிரேக்கின் பெயர் இல்லை.

கழற்றிய டிரம், ஷூ, பழைய சிலிண்டர் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கிரீஸ் தடவி, எண்ணெய்த்தாளில் சுற்றி, பெட்டியில் வண்டி நம்பரை எழுதி வையுங்கள். சட்டத்தில் வெட்டு, வெல்டிங் எதுவும் செய்யாமல் மாற்றியிருந்தால், அடுத்து வாங்குகிறவருக்கு அதுதான் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளட்டும். ரோட்டில் ஓட்டுவாரா, ஷெட்டில் வைத்துப் பார்ப்பாரா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள்.