கோபன்ஹேகனில் தப்பிய கணக்கு

அயல்நாட்டில் ஒரு பருவம் படித்துவிட்டு வரும் பல்கலைக்கழக மாணவரிடம், "எத்தனை மதிப்பெண்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். ஐரோப்பாவிலோ பருவத்துக்கு 30 தகுதிப் புள்ளிகள் என்றே கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் கேம்பிரிட்ஜுக்கு ஆய்வு மாணவராகச் சென்றார். அடுத்த ஆண்டே ஊரில் தாயார் காலமானார். கேம்பிரிட்ஜிலோ தனிமை. பேராசிரியர் டிராக்கின் யோசனைப்படி, 1932-33ஆம் கல்வியாண்டில் கோபன்ஹேகனிலுள்ள நீல்ஸ் போரின் நிலையத்துக்குப் போனார். அங்கே பல நாட்டு இளைஞர்கள் கூடியிருந்தனர். கலகலப்பாகப் பழகினர். நண்பர்கள் கிடைத்தார்கள்.

கணக்குதான் கிடைக்கவில்லை! விண்மீன்களை ஒதுக்கிவிட்டு, குவாண்டம் புள்ளியியலில் டிராக் சொன்ன ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டார். தீர்ந்துவிட்டது என்று நம்பிக் கட்டுரையும் எழுதினார். அதில் பிழை இருப்பதை டிராக்கே கண்டுபிடித்தார். எண்ணிப் பாருங்கள், ஓர் இளைஞருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

சந்திரசேகர் மீண்டும் விண்மீன்களிடமே வந்தார். சுழலும் விண்மீன்களின் அமைப்பை ஆராய்ந்து 1933இல் முனைவர் பட்டம் பெற்றார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் விண்மீன் ஆராய்ச்சிக்காகவே. தமது துறை எது என்று தெளிய அந்தத் தோல்வியும் உதவியது என்றே நான் கருதுகிறேன்.

இப்படிப்பட்ட தோல்விக்கு 30 புள்ளிகளில் இடம் எங்கே? வெளிநாடு செல்லும் மாணவருக்கு ஒரு பாடமாவது தேர்வில்லாமல் இருக்கட்டும். பெற்றோர் ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்.